ஜன்னல் பக்கம் ஒதுங்கிய பச்சை

முதலில் மன்னிப்பைக் கேட்டுக்கொண்டுவிடுகிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. சட்ட அலுவலகம் ஒன்றில், பிறர் எழுதிய ஒப்பந்தங்களில் சொற்பிழை திருத்துவது என் பணி. சொந்தமாக நான் எழுதியவை பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பங்கள். அறிவியலும் நான் படித்தவன் அல்லன். ஆகவே இதில் வரும் பாசியைப் பற்றிய செய்திகளில் பிழை இருப்பின் அது என்னுடையது. சரியாக இருப்பவை என் மனைவியுடையவை, அல்லது என் தங்கையுடையவை. இருவரிடமும் கேட்டுவிட்டே எழுதத் துணிந்தேன். "எழுது, ஆனா என்னை அழுமூஞ்சியா காட்டிடாதே" என்றாள் தங்கை. மனைவி தலையை மட்டும் அசைத்தாள். அதை இசைவு என்று எடுத்துக்கொண்டேன். தவறாக இருந்தால் அதற்கும் பொறுத்தருள வேண்டும்.

என் மனைவி நீலப்பச்சைப் பாசி ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வளர்ப்பறைப் பொறுப்பாளர். ஜன்னல் இல்லாத, தாழ்ந்த கூரையுள்ள அறை அது. நான்கு சுவர்களிலும் கண்ணாடித் தட்டடுக்குகள். ஒவ்வோர் அடுக்கின் தலைமாட்டிலும் குழல்விளக்குகள். உள்ளே நுழைந்தால் மழை நின்ற தோட்டத்தின் வாசனை வரும். அடுக்குகளில், மூடியிட்ட வட்டக் கண்ணாடித் தட்டுகளுக்குள், அகர் என்னும் பாகு உறைந்த பரப்பின்மேல் பாசிகள் சிறு சிறு திட்டுகளாக வளரும். ஒரு தட்டு முதுமையடைந்ததும் அதிலிருந்து ஒரு திட்டை வளையக் கம்பியால் தொட்டெடுத்துப் புதிய தட்டில் தீற்ற வேண்டும். அதை நாள் தவறாமல் செய்து, எத்தனையோ இனங்களை உயிரோடு காப்பதுதான் அவள் வேலை.

அங்கே அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயர். தட்டுகளில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் அனைத்தும் ஒரே திசையைப் பார்த்திருக்கும். வீட்டிலும் அப்படியே. துவாலையின் நான்கு முனைகளும் பொருந்தாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. என் செருப்புகள்கூட அவளைக் கண்டால் தாமாகவே ஜோடி சேர்ந்து நிற்கும் என்று தங்கை கேலி செய்வாள்.

தங்கை எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தாள். அதே நிலையத்தில் தற்காலிக ஆய்வாளர். சாப்பாடு மூவருக்கும் கீழேதான். அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாசியை அவளுக்குப் பரிந்துரைத்தவள் என் மனைவியே.

"குளத்துக்காரரோட பாசியை எடுத்துக்கோ. நம்ம அறையிலேயே ரொம்ப அழகா வளர்றது அதுதான்" என்று சொன்னாள். 'அழகா' என்ற அந்தச் சொல் அன்று எங்கள் யார் காதிலும் உறுத்தவில்லை.

குளத்துக்காரர் என்பது அந்நிலையத்தின் பழைய விஞ்ஞானி ஒருவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். எந்நேரமும் குளம் குட்டையில் கால் வைத்தபடி இருந்தவர். பேருந்துப் பணிமனையின் பின்சுவரை ஒட்டி, வெயிலே படாமல் கிடந்த ஒரு குளத்திலிருந்து அந்தப் பாசியைக் கொண்டுவந்தார். பின்னர் அந்தக் குளத்தைத் தூர்த்து, மேலே வாகனங்கள் நிறுத்தும் அடுக்குக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள்.

கண்ணில்லாத உயிருக்கு வெளிச்சத்தின் திசை எப்படித் தெரியும் என்று தங்கையை ஒருமுறை கேட்டேன்.

"அண்ணா, ஒரு கண்ணாடிக் கோலியை ஜன்னல்கிட்ட பிடி. வெளிச்சம் இந்தப் பக்கம் விழும். மறுபக்கம் பளிச்சுன்னு ஒரு புள்ளி தெரியும் இல்ல? அந்த செல்லே ஒரு கோலிதான். தன் முதுகுல அந்தப் புள்ளி எங்க விழுதுன்னு அதுக்கு உணர்வு இருக்கு. புள்ளிக்கு எதிர்ப்பக்கம் ரொம்பப் பொடியா மயிர் மாதிரி நீட்டும். அது தரையைப் பிடிச்சுக்கும். அப்புறம் இழுத்துக்கிட்டு நகரும். அப்போ எந்தப் பக்கம் போகும் சொல்லு?"

"வெளிச்சத்துப் பக்கம்."

"பாஸ். பரவாயில்லையே, நம்ம குடும்ப மூளை உனக்கும் கொஞ்சம் வந்திருக்கு."

இந்தப் பாசிக்கு ஒரு தனிச்சிறப்பு இருந்தது. மற்ற இனங்கள் அசையாமல் கிடக்கும் மிக மங்கிய ஒளியையும் இது உணர்ந்து அதை நோக்கி நகரும். சுவர் நிழலிலேயே வாழ்ந்து பழகியதால் வந்த கூர்மையாக இருக்கலாம் என்பது குளத்துக்காரரின் கருத்து. அவர் எடுத்த பழைய படம் ஒன்றை நிலையத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பச்சைத் திட்டு ஒன்று, ஒரு மங்கலான கீற்றை நோக்கி விரல் விரலாக நீள்கிறது. அந்தக் கூர்மை எதனால் வருகிறது என்று கண்டறிவதே தங்கையின் ஆய்வு. ஆய்வுக்குழுவின்முன் பாசி நகர்வதைக் காட்டி, முதல் சான்றை வைத்தால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் ஒப்பந்தம் அத்தோடு முடியும். மாடி அறையையும் காலி செய்துவிட்டு வேறு ஊரில் வேறு வேலை தேட வேண்டும்.

ஆய்வு தொடங்குவதற்குச் சற்று முன்னர் குளத்துக்காரர் காலமானார். தங்கை அப்போது பயிற்சிக்காக வெளியூரில் இருந்தாள். நானும் மனைவியும் அவர் வீட்டுக்குச் சென்றோம். துக்க வீட்டில் என்ன செய்வதென்று தெரியாதபோது என் மனைவி எதையாவது கழுவுவாள். அவருடைய சமையலறை ஜன்னல் விளிம்பில் அழுக்கேறிய ஜாடிகள் வரிசையாக நின்றன. சிலவற்றில் பழைய எண்ணெய். ஒன்றில் துருப்பிடித்த ஆணிகள். ஒன்றில் பச்சை பிடித்த தண்ணீர். அந்தப் பச்சையை அவள் பார்க்காமலில்லை. ஆனால் நாளெல்லாம் சீட்டு ஒட்டிய தட்டுகளோடு புழங்குகிறவளுக்கு, சீட்டு ஒட்டாதது பாசியாகத் தெரிவதில்லை, அழுக்காகவே தெரியும். அவள் சோடா உப்பும் வெந்நீரும் போட்டுத் தூரிகையால் தேய்த்தாள். ஜாடிகளைக் கவிழ்த்துக் கலங்கலைத் தொட்டியில் ஊற்றியவன் நான்.

அதன்பின் தங்கை திரும்பி வந்து ஆய்வைத் தொடங்கினாள். கறுப்புப் பெட்டி ஒன்றில் தட்டை வைத்து, ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிளவின் வழியே ஒளி விழச் செய்வாள். மறுநாள் திறந்து பார்ப்பாள். திட்டுகள் வைத்த இடத்திலேயே இருக்கும்.

"அண்ணி, உங்க பாசி மகா சோம்பேறி. விளக்கை வச்சா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது" என்றாள் சாப்பாட்டு மேசையில்.

"அகர் கெட்டியா இருந்திருக்கும். இளக்கமா ஊத்து."

"ஊத்திட்டேனே. இப்போ மூக்குச்சளி மாதிரி இருக்கு."

"சாப்பிடும்போது பேசற பேச்சா இது?" என்றேன்.

"நீ காதைப் பொத்திக்கோ அண்ணா. அவ்வளவு இளக்கத்துல நானே நீந்திடுவேன். அது அசையல."

விளக்கை மாற்றினாள். சிவப்பு ஒளி, பச்சை ஒளி என்று நிறத்தை மாற்றினாள். மங்கலை விட்டுப் பளிச்சென்ற ஒளியையே காட்டிப் பார்த்தாள். வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தாள். நாளாக ஆகக் கேலி குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்விடுவாள்; கூப்பிட்டால்தான் இறங்குவாள்.

அப்படி ஒரு நாள் நானும் மனைவியும் காய்கறிக் கடையில் நின்றிருந்தோம். அவள் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, கோணலாக இருந்ததைத் திரும்ப வைத்து, உருண்டையாக இருந்ததைக் கூடையில் போட்டாள்.

"அக்கா, தக்காளி வாங்கறீங்களா, இல்ல அதுக்கு இன்டர்வியூ வைக்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இவ கோணலா பொறுக்கி எடுத்தது வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதாங்க" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த தக்காளியையே பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"கோபமா? சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் எப்பவும் உருண்டையா இருக்கிறதையே எடுக்கிறேன்" என்றாள்.

"எடுத்தா என்ன? நம்ம காசு, நம்ம தக்காளி."

"தக்காளியைச் சொல்லல." நடைபாதை ஓரத்தில் நின்றுவிட்டாள். "நகர்ற பாசி தட்டுல எப்படி இருக்கும் தெரியுமா? ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்கும். பக்கத்துத் திட்டோட போய்க் கலந்துடும். எது எதுன்னு தெரியாம தட்டே நாசமாயிடும். நான் அதுல கம்பியே வைக்க மாட்டேன். ஓரத்துல எங்கேயாவது ஒண்ணு வட்டமா, பளபளன்னு, வச்ச இடத்துலயே நிக்கும். அதைத்தான் தொட்டு அடுத்த தட்டுக்கு மாத்துவேன். அதுலயும் வட்டமானதாப் பார்த்து அதுக்கடுத்த தட்டுக்கு."

"சரி, அதனால?"

"அது ஏன் வட்டமா நிக்குது? அதால நகர முடியல, அதான்!"

எனக்குப் புரிவதற்குச் சற்று நேரமாயிற்று. கோடிக்கணக்கான செல்களில் எப்போதாவது ஒன்று, இழுத்துச் செல்லும் அந்த மயிரை இழந்து பிறக்கும். குளத்தில் என்றால் அது வெளிச்சத்தை எட்ட முடியாமல் நிழலிலேயே அழிந்திருக்கும். வளர்ப்பறையிலோ விளக்கு தலைக்கு மேல், எல்லோருக்கும் சமமாக எரிகிறது. எங்கும் நகர வேண்டிய தேவையே இல்லை. அங்கே ஒன்றைப் பிழைக்க வைப்பதும் அழிய விடுவதும் அவள் கையிலிருந்த கம்பி. அது ஒவ்வொரு முறையும் முடமானதையே தேர்ந்தெடுத்திருக்கிறது, அது பார்க்க லட்சணமாக இருந்ததால்.

"உறைபெட்டியில பழைய பாசியை உறைய வச்சிருப்பீங்களே?" என்று கேட்டேன்.

"உறைபெட்டி வந்ததே ரொம்பப் பின்னாடி. அதுக்குள்ள போனதும் என் தட்டிலிருந்துதான். மத்த நிலையங்களுக்கு அனுப்பினதும் என் தட்டிலிருந்துதான்."

"அவகிட்ட சொல்லிடு."

"சொல்றேன். ஒரு தடவை எல்லாத் தட்டையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

பார்த்தாள். பழைய தட்டு, காய்ந்த தட்டு, குப்பைக்குப் போக வைத்திருந்த தட்டு என்று ஒன்று விடாமல் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஒரு பிசிறைத் தேடினாள். வாழ்நாளெல்லாம் ஒதுக்கியதை அப்போது அவள் கெஞ்சித் தேடினாள். அகப்படவில்லை. ஆயினும் தங்கையிடம் சொல்லவில்லை. மாறாக, தங்கையின் உடைகளை இஸ்திரி போட்டாள். அவள் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்துப் பரிமாறினாள். மாடி அறையின் தலையணை உறையைத் தினமும் மாற்றினாள். சொல்லும்படி நானும் வற்புறுத்தவில்லை. அவளே சொல்லட்டும் என்று விட்டது பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், தங்கையின் முகத்தை அப்போது பார்க்க எனக்குத் துணிவில்லை.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. எனக்கு ஏதாவது வியாதியா?" என்று கேட்டாள் தங்கை. "டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா? ரெண்டு பேரும் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லையே."

"வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மனைவி சிரிக்க முயன்றாள்.

"வியாதி இல்லன்னா சரி" என்ற தங்கை, தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "ஆனா என் கையிலதான் ஏதோ கோளாறு அண்ணி. படத்துல அவ்வளவு அழகா நகர்ந்த பாசி. உங்க கையில அவ்வளவு அருமையா வளர்ற பாசி. என் கைக்கு வந்தா மட்டும் கல்லு மாதிரி கிடக்கு. நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல போலிருக்கு."

மனைவியின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வட்டத்தை, பிசிறை, கம்பியை, உறைபெட்டியை. எப்போது தெரிந்தது என்பதையும் சொன்னாள்.

தங்கை தண்ணீர் டம்ளரை மேசையில் சுழற்றினாள். "அந்தத் தக்காளி நாள்லேர்ந்து தெரியுமா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து, "உனக்கும்?" என்றாள். நான் தலைகுனிந்தேன். அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே பாசியின் மரபணுவைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மயிரை உண்டாக்கும் மரபணுவின் நடுவே தொடர்பில்லாத ஒரு துண்டு புகுந்து அதை உடைத்திருப்பதாக விடை வந்தது. அந்தத் தாளோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, நான் எதிர்பாராதபடி, முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"அண்ணி, ஒரு வழி இருக்கு! எனக்கு எப்படித் தோணாம போச்சு? குளத்துக்காரர் ஒருதடவை என்கிட்ட சொன்னார். குளத்தை மூடறதுக்கு முன்னாடி ஒரு ஜாடித் தண்ணி எடுத்து வச்சாராம். மூடியில கொஞ்சம் இடைவெளி விட்டு, வத்தினா தண்ணி ஊத்தி, வீட்லயே வச்சிருக்கேன்னார். சமையலறை ஜன்னல்ல."

"எந்த... எந்த ஜாடின்னு சொன்னாரா?" என்றாள் மனைவி.

"எந்த ஜாடியா இருந்தா என்ன, பச்சையா இருக்கிறதுதான்! கிளம்புங்க ரெண்டு பேரும்."

நான்தான் வண்டி ஓட்டினேன். வழி நெடுகத் தங்கை பேசிக்கொண்டே வந்தாள். ஆய்வுக்குழுவிடம் இன்னும் சற்று அவகாசம் கேட்கலாம். ஜாடியிலிருந்து பிரித்தெடுக்க இத்தனை நாளாகும். கிடைத்ததும் அண்ணியை அதன் பக்கமே விடக் கூடாது. "மன்னிச்சுக்கோங்க அண்ணி, உங்களை வளர்ப்பறை வாசல்லயே கட்டிப் போட்டுட்டுத்தான் வேலை பார்ப்பேன்" என்று சிரித்தாள். பல நாள்களுக்குப் பின் வந்த சிரிப்பு. பின்னிருக்கையில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பின்புறம் காட்டும் கண்ணாடியில் எங்கள் பார்வை ஒருமுறை சந்தித்தது. வண்டியை ஓரம் கட்டிச் சொல்லியிருக்கலாம். சிவப்பு விளக்குகளில் எல்லாம் நின்றேன், ஒன்றிலும் சொல்லவில்லை. அது வேறு ஜாடியாக இருக்கக் கூடாதா, அவர் அதை வேறு ஜன்னலுக்கு மாற்றியிருக்கக் கூடாதா என்று இருவரும் உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தோம்.

குளத்துக்காரரின் மனைவி எங்களை வாசலிலேயே கைப்பிடித்து அழைத்துச் சென்றார். "வாங்க வாங்க. நீயும் வந்தியா கண்ணு?" என்றார் தங்கையைப் பார்த்து. தங்கை நேரே சமையலறைக்குள் சென்று நின்றாள். ஜன்னல் விளிம்பில் ஜாடிகள் உயர வரிசைப்படி நின்றன. வெயில் அவற்றின் ஊடாகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. ஒன்றில் கரண்டிகள், ஒன்றில் பொத்தான்கள்.

"இங்க பச்சைத் தண்ணியோட ஒரு ஜாடி இருந்ததாம்மா?"

"இருந்துச்சே! அவர் அப்பப்போ அதை ஒரு திருப்புத் திருப்பி வைப்பார். ரெண்டு மூணு நாள்ல அந்தப் பச்சை மறுபடி ஜன்னல் பக்கமே வந்து ஒட்டிக்கும். 'பாரு, உன்னை மாதிரியே, சொன்ன பேச்சு கேட்காம தன் வழிக்கே வருது'ன்னு என்னைக் கிண்டல் பண்ணுவார். இப்போ அதுலதான் பொத்தான் போட்டு வச்சிருக்கேன்." அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மனைவியின் கன்னத்தைத் தடவினார். "அவர் போன அன்னிக்கு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உன் அண்ணிதான் எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவி இப்படிக் கண்ணாடியா வச்சுட்டுப் போனா. தங்கமான பொண்ணு."

தங்கை திரும்பவில்லை. பொத்தான் ஜாடியை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "மூடி மட்டும் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

மூடியின் திருகுப் புரிகளுக்கு இடையில் ஏதேனும் ஒட்டியிருக்கலாம் என்பது கடைசி நம்பிக்கை. தங்கையும் மனைவியும் சேர்ந்தே அதைச் சுரண்டி, வளர்ப்புத் திரவத்தில் இட்டு, மங்கிய ஒளியில் வைத்தார்கள். தன் வேலை எங்காவது அரைகுறையாக நடந்திருக்க வேண்டுமே என்று என் மனைவி வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டாள். அவள் குறை வைக்கவில்லை. திரவம் கடைசி வரை தெளிவாகவே இருந்தது.

ஆய்வுக்குழுவின் முன் தங்கையோடு அவளும் சென்று, தவறு தன்னுடையது என்று சொன்னாள். குழுவினர் அவளுடைய நேர்மையைப் பாராட்டினார்களாம். ஒப்பந்தத்தை நீட்டிக்க விதியில் இடமில்லை என்றும் சொன்னார்களாம். தங்கைக்கு வேறோர் ஊரில், குடிநீர்ப் புட்டிகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலையில் பாசி தென்பட்டால் புட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

அவளுடைய பெட்டியை மனைவிதான் அடுக்கினாள்.

"அண்ணி, கொஞ்சம் கசங்கலா வைங்க" என்றாள் தங்கை, கட்டிலில் உட்கார்ந்தபடி. "உங்க மடிப்பைக் கலைக்க எனக்கு மனசு வராது. அப்புறம் எதையுமே போட்டுக்க மாட்டேன்."

மனைவி மடித்த சட்டை ஒன்றைப் பிரித்து, சுருட்டி, பெட்டிக்குள் வைத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மீதியை நான் திணித்து மூடினேன்.

இப்போது வளர்ப்பறையில் ஒற்றைத் திட்டைப் பொறுக்குவதில்லை. தட்டின் குறுக்கே கம்பியை இழுத்து, நல்லதும் கெட்டதும் கலந்தே அடுத்த தட்டுக்கு மாற்றுகிறார்கள். இந்த முறையை எழுதிக் கொடுத்தவள் என் மனைவி. தட்டுகள் பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை என்கிறாள். காய்கறிக் கடைக்கு இப்போது நான் தனியாகத்தான் போகிறேன்.

இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். பேருந்துப் பணிமனையின் பின்னால் இருந்த குளம். அது எங்களால் போனதன்று. அக்குளத்திலிருந்து வந்து மங்கிய ஒளியை நோக்கி நகர்ந்த பாசி. அதன் நகராத வழித்தோன்றல்கள் உறைபெட்டியில் பத்திரமாக உள்ளன. குளத்துக்காரர் திருப்பித் திருப்பி வைத்த ஒரு ஜாடித் தண்ணீர். என் தங்கையின் வேலை. மாடி அறையில் அவள் இருப்பு. சாப்பாட்டு மேசைப் பேச்சு. ஜாடியின் மூடி ஒன்று; சுரண்டியதில் வளைந்துவிட்டது, திருப்பிக் கொடுக்க முடியவில்லை.